7,500 பவுண்ட் கிராண்ட்ல ஹீட் பம்ப் போட்டாச்சு, ஒரு குளிர்காலம் ஓட்டிட்டு எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், ஹீட் பம்ப் (கேஸுக்கு பதிலா கரண்ட்ல வீட்ட சூடாக்குற மெஷின்) நல்லதா கெட்டதான்னு சண்டை போட இத எழுதல. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சொந்த வீட்டுல இருக்கிற கேஸ் பாய்லர கழட்டிட்டு ஹீட் பம்ப் மாட்டுறவங்களுக்கு கவர்ன்மென்ட் குடுக்குற பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் இருக்குல்ல, அத வாங்கினவன்ங்கிற முறையில அது எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். நம்ம வீடு ரெடிங் பக்கம், 1930கள்ல கட்டின மூணு பெட்ரூம் செமி (ஒரு பக்கச் சுவரு பக்கத்து வீட்டோட ஒட்டின வீடு), பதினாலு வருஷ பழைய காம்பி பாய்லர், ஒவ்வொரு டிசம்பருக்கும் பிரஷர் இறங்கி ஒரு தடவ உயிர எடுக்கும். அடுத்த தடவ செத்தா இன்னொரு பாய்லர் போடுறதா இல்ல மாறிடுறதான்னு வீட்டுல பேசிட்டே இருந்தோம், 2025 மார்ச்சுல ஒரு வழியா முடிவு பண்ணோம்.

கிராண்ட்னதும் நான் நினைச்சது என்னன்னா, ஊர்ல கேஸ் மானியம் பேங்க் அக்கவுண்ட்ல வந்து விழுற மாதிரி நாம மொதல்ல காச கட்டணும், அப்புறம் ஃபார்ம் ஃபில் பண்ணணும், ரசீது அனுப்பணும், ஆறு மாசம் கழிச்சு பணம் வரும்னு. அப்படி எல்லாம் ஒண்ணுமே இல்ல. பணம் நம்ம கையிலயே வராது. அப்ளிகேஷன் போடுறது இன்ஸ்டாலர், ஆஃப்ஜெம் (கேஸ், கரண்ட் துறைய கண்காணிக்கிற கவர்ன்மென்ட் அமைப்பு) வவுச்சர் குடுக்கிறதும் இன்ஸ்டாலருக்குதான், அவங்க அந்த 7,500ஐ பில்லுல கழிச்சுட்டு மிச்சத்த மட்டும் நம்மகிட்ட வாங்குவாங்க. வரி வேற கிடையாது, கிரேட் பிரிட்டன்ல 2027 மார்ச் வரைக்கும் இதுக்கெல்லாம் வாட் வரி பூஜ்யம். கேக்க ரொம்ப நல்லா இருக்கு இல்ல? நல்லாதான் இருக்கு. ஆனா இதுல இருக்கிற ஒரே சிக்கலும் அதேதான், நீங்க எந்த இன்ஸ்டாலர புடிக்கிறீங்களோ அவர்தான் உங்களுக்கு ஸ்கீம். ஆஃப்ஜெம்மோட நமக்கு இருக்கிற உறவு மொத்தமே ஒரு ஈமெயில்தான், அத அப்புறம் சொல்றேன்.

கொஞ்சம் பழைய கதை. இதுக்கு முன்னாடி 2014லருந்து 2022 மார்ச் வரைக்கும் இருந்த ஸ்கீம்ல காச ஏழு வருஷத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவையா பிச்சு பிச்சு குடுத்தாங்க, அதாவது மொதல்ல முழு பணமும் கையில வச்சிருக்கிறவனுக்குதான் அது உபயோகம். நடுவுல 2020ல கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்னு ஒண்ண தடபுடலா ஆரம்பிச்சு ஆறே மாசத்துல மூடினாங்க. வட அயர்லாந்து கதை இன்னும் கூத்து, அங்க மரம் எரிச்சு சூடாக்குற பாய்லர் வச்ச பிசினஸ்களுக்கு குடுத்த ஸ்கீம்ல எரிக்கிற மரத்துக்கு ஆகுற செலவ விட கவர்ன்மென்ட் குடுக்கிற காசு அதிகமா போச்சு, அதாவது எவ்வளவுக்கு எவ்வளவு எரிக்கிறியோ அவ்வளவுக்கு லாபம், கடைசியில அந்த பிரச்சனையில 2017ல ஆட்சியே கவுந்துச்சு. இதெல்லாம் பார்த்துட்டுதான் இப்ப மொத்தமா ஒரே தொகை, மாட்டின அன்னிக்கே கழிச்சுக்கோன்னு வச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். 2022 மே மாசம் அப்ளிகேஷன் தொறந்தப்போ ஏர் சோர்ஸுக்கு (காத்துலருந்து சூடு எடுக்கிறது) 5,000, கிரவுண்ட் சோர்ஸுக்கு (மண்ணுலருந்து எடுக்கிறது) 6,000, 2023 அக்டோபர்லருந்து ரெண்டுக்குமே 7,500.

சரி நம்ம கதைக்கு வருவோம். எங்கயோ ஒரு வெப்சைட்ல போஸ்ட்கோட் போட்டது தப்பா போச்சு, ஒரு வாரம் ஃபோன் நிக்கவே இல்ல. "சார் கவர்ன்மென்ட் ஃப்ரீயா குடுக்குது, இன்னிக்கே புக் பண்ணா ஸ்லாட் இருக்கு"ன்னு ஒருத்தர், அவர்கிட்ட எம்சிஎஸ் (இன்ஸ்டாலருக்கு தரச் சர்டிஃபிகேட் குடுக்கிற அமைப்பு) நம்பர் என்னன்னு கேட்டேன், லைன் கட். இத எல்லாரும் செய்யுங்க, எம்சிஎஸ் சர்டிஃபிகேட் இல்லாத இன்ஸ்டாலரால இந்த கிராண்டுக்கு அப்ளையே பண்ண முடியாது, அவங்க வெப்சைட்லயே பேர் போட்டு தேடி பார்த்துக்கலாம்.

மூணு கொட்டேஷன் வாங்கினேன். முதல் ஆள் வீட்டுக்கு வரவே இல்ல, வீடு எத்தன சதுர மீட்டர்னு ஃபோன்ல கேட்டுட்டு 12 கிலோவாட் மெஷின், கிராண்ட் கழிச்சு 8,400 பவுண்டுன்னு அனுப்பினாரு. ரெண்டாவது கம்பெனி வந்து சுத்தி பார்த்தாங்க, ரேட் கம்மி, ஆனா ரேடியேட்டர் எதுவும் மாத்த வேணாம், அப்படியே ஓடும்னாங்க, எனக்கு என்னமோ உறுத்துச்சு. மூணாவதா வந்தவர்தான் ஆச்சரியம். காலுறை மட்டும் போட்டுக்கிட்டு ரூம் ரூமா லேசர் மீட்டர் வச்சு அளந்தாரு, ஜன்னல் கண்ணாடிய தட்டி பார்த்தாரு, கூரைக்கு கீழ இருக்கிற லாஃப்ட்ல ஏறி குளிர தடுக்கிற பஞ்சு எவ்வளவு கனம்னு ஸ்கேல் வச்சு பார்த்தாரு, வெளிச்சுவத்துல ட்ரில் பண்ணி அடைச்ச பழைய ஓட்டைய கண்டுபிடிச்சு "கேவிட்டி ஃபில் பண்ணிருக்காங்க"ன்னாரு (அதாவது ரெட்டைச் சுவத்து நடுவுல இருக்கிற இடைவெளிய அடைச்சிருக்காங்க, எங்களுக்கே தெரியாது, முன்னாடி இருந்தவங்க பண்ணிருக்காங்க போல). ரெண்டரை மணி நேரம். வெளிய மைனஸ் ரெண்டுக்கு போனாலும் உள்ள 21 இருக்கணும்னா வீட்டுக்கு 6.2 கிலோவாட் வேணும்னு ரூம் வாரியா கணக்கு அனுப்பினாரு. முதல் ஆள் சொன்ன 12க்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க. ஹீட் பம்ப் பெருசா இருந்தா நல்லதுதானேன்னு தோணும், ஆனா பெரிய மெஷின் சின்ன வீட்டுல போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு ஓடி கரண்ட்ட குடிக்கும், ஆயுசும் போயிடும். இவரு சொன்ன விலை 7 கிலோவாட் மெஷின், வெந்நீர் டேங்க், அஞ்சு புது ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 12,300, கிராண்ட் போக 4,800.

இந்த ரூம் வாரி கணக்கு கிராண்டுக்காக பண்ற சடங்கு இல்ல, முழு விஷயமே அதுதான். கேஸ் பாய்லர் 65, 70 டிகிரில தண்ணிய அனுப்பும், சின்ன ரேடியேட்டரா இருந்தாலும் சூட்ட தள்ளிடும். ஹீட் பம்ப் நம்ம ஊர் ஏசிய திருப்பி மாட்டின மாதிரி, வெளிக்காத்துல இருக்கிற சூட்ட உறிஞ்சி உள்ள தள்ளும், தண்ணி எவ்வளவு வெதுவெதுன்னு இருந்தா போதுமோ அவ்வளவு கம்மியா கரண்ட் சாப்பிடும். 40, 45 டிகிரி தண்ணியில ரூம் சூடாகணும்னா ரேடியேட்டர் பெருசா இருக்கணும். அத சொல்லாத இன்ஸ்டாலர் உங்க 7,500ஐ வாங்கிட்டு வருஷா வருஷம் உங்க கரண்ட் பில்ல ஏத்திட்டு போறார்னு அர்த்தம்.

அப்புறம் மெஷின வெளிய வைக்கிற இடம். எங்க சைடு சந்து ஒரு மீட்டர் கூட முழுசா இல்ல. அந்த மூணாவது இன்ஸ்டாலர் ஏப்ரல்ல வந்தப்போ "பக்கத்து வீட்டு எல்லையிலருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்கணும், இல்லன்னா கவுன்சில்ல பிளானிங் பெர்மிஷன் போடணும்"னாரு, தோட்டத்து நடுவுல வைக்கலாம்னா பொண்டாட்டி முடியவே முடியாதுன்னுட்டா, அங்க அவ வெந்தயக்கீரை பாத்தி. ஒரு மாசம் அப்படியே கெடந்துச்சு. 2025 மே 29ஆம் தேதி இங்கிலாந்துல அந்த ஒரு மீட்டர் ரூல தூக்கிட்டாங்க. எங்களுக்குன்னே பண்ண மாதிரி இருந்துச்சு! சத்தக் கணக்கு மட்டும் இன்னும் உண்டு, பக்கத்து வீட்டு ஜன்னல்ல எவ்வளவு கேக்கும்னு இன்ஸ்டாலர் போட்டு காட்டணும். வச்சதுக்கு அப்புறம் பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட கேட்டேன், "எப்ப ஆன் பண்ணப் போறீங்க"ன்னாரு, அப்ப அது ஓடிட்டு இருந்துச்சு.

ஈபிசி ஒண்ணு வேணும்னாங்க, வீட்டுக்கு எனர்ஜி ரேட்டிங் குடுக்கிற சர்டிஃபிகேட், பத்து வருஷம் செல்லும். எங்களது வீடு வாங்குன 2013லது, செத்து போச்சு, 75 பவுண்ட் குடுத்து புதுசு எடுத்தோம். முன்னாடி அந்த சர்டிஃபிகேட்ல "லாஃப்ட் இன்சுலேஷன் போடு, கேவிட்டி ஃபில் பண்ணு"ன்னு இருந்தா அத முடிச்சாதான் கிராண்ட், 2024 மேலருந்து அந்த கண்டிஷன் இல்ல. இல்லங்கிறதுக்காக போடாம விட்டுடாதீங்க, இந்த மெஷின் விலையோட ஒப்பிட்டா லாஃப்ட் பஞ்சு எல்லாம் ஒண்ணுமே இல்ல.

இப்ப அந்த ஈமெயில். இன்ஸ்டாலர் அப்ளிகேஷன் போட்டதும் ஆஃப்ஜெம்லருந்து வீட்டு ஓனருக்கு ஒரு மெயில் வரும், இந்த கம்பெனி உங்க பேர்ல அப்ளை பண்றதுக்கு நீங்க ஒத்துக்கிட்டீங்களான்னு. நாம ஆமான்னு சொன்னாதான் அடுத்த ஸ்டெப். எனக்கு அது ஸ்பாம்ல போய் உக்காந்துக்கிச்சு, நாலு நாள் நான் வரும் வரும்னு இன்பாக்ஸயே பார்த்துட்டு இருந்தேன், இன்ஸ்டாலர் ஆபீஸ்லருந்து ஒரு பொண்ணு ஃபோன் பண்ணி "ஸ்பாம பாருங்க, எல்லாருக்கும் அங்கதான் போகுது"ன்னு சொன்னா. ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கப்புறம் ஜூலை முதல் வாரம் வவுச்சர் வந்துடுச்சு. கவர்ன்மென்ட் வேலையில நான் பண்ணது மொத்தம் இவ்வளவுதான், கார் டாக்ஸ் கட்டுறது கூட இதவிட கஷ்டம்.

ஆனா வவுச்சருக்கு ஆயுசு மூணு மாசம் (கிரவுண்ட் சோர்ஸ்னா ஆறு மாசம்). மாட்டி, ஓட்டி, சர்டிஃபிகேட் போட்டு, இன்ஸ்டாலர் பணத்த கேக்குற வரைக்கும் எல்லாம் அந்த மூணு மாசத்துக்குள்ள முடியணும், தவறினா திரும்ப முதல்லருந்து அப்ளிகேஷன். இங்கதான் எங்களுக்கு வயித்துல புளிய கரைச்சுச்சு. எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெருவுலருந்து ஒரே கரண்ட் கேபிள், லூப்னு சொல்றாங்க, பழைய செமில இது சகஜமாம். ஹீட் பம்ப் போடுறதுக்கு முன்னாடி அத பிரிக்கணும், அத பண்றது இன்ஸ்டாலர் இல்ல, ஏரியாவுக்குன்னு இருக்கிற லைன் கம்பெனி. காசு கேக்கல, ஆனா ஏழு வாரம் இழுத்தாங்க. ஒரு தடவ வர்றேன்னு சொல்லி வரல, இன்னொரு தடவ வந்தவங்க பேவ்மெண்ட தோண்ட பெர்மிட் இல்லன்னு டீ குடிச்சுட்டு போயிட்டாங்க. தாத்தா வீட்டு முன்னாடியும் தோண்டணும், நல்ல மனுஷன், ரோஜா செடிய மட்டும் பார்த்துக்கோங்கன்னாரு. ஆகஸ்ட் கடைசியில பிரிச்சாங்க, செப்டம்பர் ரெண்டாவது வாரம் மாட்டினோம், வவுச்சர் முடிய இன்னும் மூணு வாரம்தான் பாக்கி. உங்க மீட்டர் பெட்டிய ஒரு ஃபோட்டோ எடுத்து மொத நாளே இன்ஸ்டாலருக்கு அனுப்பி லூப்பா, ஃப்யூஸ் எத்தன ஆம்ப்னு கேட்டுக்கோங்க, வவுச்சர் வந்ததுக்கு அப்புறம் கண்டுபிடிச்சீங்கன்னா எங்க கதைதான்.

மாட்டுறதுக்கு நாலு நாள். காம்பி பாய்லர் வீட்டுல வெந்நீர் டேங்க் இருக்காது, ஹீட் பம்ப்புக்கு அது கண்டிப்பா வேணும், இங்க சிலிண்டர்ங்கிறாங்க, கேட்டதும் கேஸ் சிலிண்டர் ஞாபகம் வரும், அது இல்ல. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை டேங்க். மாடியில இருந்த ஒரே கப்போர்ட் அதுக்கு போச்சு, அங்கதான் கொலு பொம்மை பெட்டி, பெரிய அரிசி மூட்டை, சூட்கேஸ் எல்லாம் இருந்துச்சு, இப்ப கொலு பெட்டி லாஃப்ட்ல, அரிசி டைனிங் டேபிளுக்கு கீழ. யாரும் பிரோஷர்ல இத எழுத மாட்டாங்க. 7,500 குடுக்குற கவர்ன்மென்ட் ஒரு கப்போர்டும் குடுத்தா நல்லா இருக்கும்.

அக்டோபர்ல ஹீட்டிங் ஆன் பண்ணோம். முதல் வாரம் வீட்டுல கலவரம். ரேடியேட்டர்ல கை வச்சா சூடே இல்ல, வெதுவெதுன்னு இருக்கு, பையன் "அப்பா இது வேலையே செய்யல"ங்கிறான், தெர்மோமீட்டர்ல பார்த்தா 20.5. பழைய பாய்லர் காலைல ஒரு மணி நேரம் கொதிச்சு அப்புறம் அணைஞ்சு வீடு ஆறிப்போய் திரும்ப கொதிக்கும், இது நாள் முழுக்க மெதுவா ஓடிட்டே இருக்கும். பழகணும். மாமியார் அப்ப ஊர்லருந்து வந்திருந்தாங்க, நவம்பர்ல ஒரு நாள் வெளிய எல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடக்கு, காலைல ஆறரை மணிக்கு கிச்சன்லருந்து "மாப்பிள்ளை, வெளிய அந்த பெட்டி புகையுது, சீக்கிரம் வாங்க"ன்னு கத்துறாங்க, நான் அடிச்சு புடிச்சு ஓடிப்போய் பார்த்தா மெஷின் மேல படிஞ்ச ஐஸ அதுவே உருக்கி ஆவியா விடுது, டிஃப்ராஸ்ட். "ஒண்ணுமில்ல அத்தை, அது அப்படித்தான்"னேன், அவங்க நம்பல, கிளம்புற வரைக்கும் அந்த பக்கமே துணி காயப்போடல.

ஆனா ஒரு நிஜமான குறை இருந்துச்சு, அது மூணாவது இன்ஸ்டாலர், அதாவது நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அதே கம்பெனி. அளந்தவர் தங்கமான மனுஷன், ஆனா கடைசி நாள் செட்டிங் பண்ண வந்த பையன் தண்ணி சூட்ட 55ல நிலையா வச்சுட்டு, வெளிய குளிருக்கு தக்கபடி அதுவே ஏத்தி இறக்கிக்கிற வெதர் காம்பன்சேஷன ஆஃப் பண்ணிட்டு போயிட்டான். நவம்பர்ல டிஸ்ப்ளேல பார்த்தா ஒரு யூனிட் கரண்டுக்கு 2.7 யூனிட் சூடுதான். ஃபோன் பண்ணா "குளிர்காலம் சார், அப்படித்தான் இருக்கும்"னு பதில். அப்புறம் நானே மேனுவல படிச்சு அந்த ஆப்ஷன ஆன் பண்ணேன், வெளிய 7 டிகிரின்னா தண்ணி 38ல போகுது, மைனஸ் ரெண்டுன்னா 45, குளிக்கிற வெந்நீர 60லருந்து 48க்கு இறக்கி வாரத்துக்கு ஒரு தடவ மட்டும் கிருமிக்காக 60 போகுற மாதிரி வச்சேன். ஜனவரியில 3.6. ஒரு ஸ்க்ரூ கூட திருகல. கிராண்ட் ரூல்ல மெஷின் எவ்வளவு பெருசு, யார் மாட்டினாங்க, சர்டிஃபிகேட் இருக்கா எல்லாம் இருக்கு, ஆனா மாட்டி ரெண்டு மாசம் கழிச்சு அது எப்படி ஓடுதுன்னு பாக்குற கட்டம் எதுவும் எனக்கு வரல. 7,500 பவுண்ட் மக்கள் வரிப்பணம், அத 55ல வச்சு ஓட்டினாலும் ஒண்ணுதான் 40ல வச்சு ஓட்டினாலும் ஒண்ணுதான்னு விட்டா எப்படி.

ஏன் அந்த 2.7க்கும் 3.6க்கும் இப்படி அடிச்சுக்கிறேன்னா கணக்கு அவ்வளவு டைட். 2025 அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் பிரைஸ் கேப்ல (ஆஃப்ஜெம் வைக்கிற உச்ச ரேட்) கரண்ட் யூனிட் 26.35 பென்ஸ், கேஸ் யூனிட் 6.29 பென்ஸ், கரண்ட் நாலு மடங்குக்கும் மேல. வருஷத்துக்கு 12,000 யூனிட் கேஸ் எரிக்கிற வீடுன்னு வச்சுக்கோங்க, அது 755 பவுண்ட் வருது. பாய்லர் 85 சதவீதம்னா கெடைக்கிற சூடு 10,200 யூனிட். அதே சூட்ட ஹீட் பம்ப் 2.7ல குடுத்தா கிட்டத்தட்ட 995 பவுண்ட், 3.5ல குடுத்தா 768, 4ல குடுத்தா 672. அதாவது மூணரைய தாண்டினாதான் லாபம் பக்கம் எட்டிப் பாக்கவே முடியும். ஹீட் பம்ப் வீடுகளுக்குன்னு மதியமும் நடுராத்திரியும் ரேட் கம்மியா இருக்கிற டாரிஃப் இருக்கு, நாங்க அதுக்கு மாறினோம், அதனாலதான் எங்க பில் போன வருஷத்த விட கொஞ்சம் கம்மி, "பாதியா குறையும்"னு ஃபோன்ல விக்கிறவங்க சொல்ற பேச்சையெல்லாம் நம்பாதீங்க.

யாருக்கு கெடைக்காதுன்னு கேட்டா: பாய்லரும் இருக்கட்டும் ஹீட் பம்ப்பும் இருக்கட்டும்னு ரெண்டையும் சேர்த்து வைக்கிற ஹைப்ரிடுக்கு கிடையாது, கவுன்சில் வீடு மாதிரி சோஷியல் ஹவுசிங்குக்கு கிடையாது, பில்டர் கட்டி விக்கிற புது வீட்டுக்கு கிடையாது, நீங்களே கட்டிக்கிற வீடுன்னா உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஓனர் வாங்கலாம். வருமானம் எவ்வளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதுல எனக்கே கொஞ்சம் உறுத்தல், மிச்ச 4,800 கையில இருக்கிறவனுக்குதானே இது போய் சேருது. வருமானம் கம்மின்னா இங்கிலாந்துல வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட்னு கவுன்சில் வழியா தனியா இருக்கு, அத மொதல்ல பாருங்க. ஸ்காட்லாந்துல இருக்கிறவங்க இத படிச்சு குழம்பாதீங்க, உங்களுக்கு ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து, 7,500 கிராண்ட், மேல 7,500 வட்டியில்லா லோன், கிராமப்புறம்னா கிராண்ட் 9,000. லோன் பகுதி எங்களுக்கும் இருந்திருக்கலாம்னு பொறாமையா இருக்கு.

ஸ்கீமுக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், என் இன்ஸ்டாலருக்கு மூணு, லைன் கம்பெனிக்கு நம்பர் போட மனசு வரல.

ஒண்ணு மிச்சம் இருக்கு. கேஸ் கனெக்‌ஷனயே மொத்தமா எடுத்துட்டா ஸ்டாண்டிங் சார்ஜ் (எரிச்சாலும் எரிக்காட்டியும் நாளுக்கு இவ்வளவுன்னு கட்டுற காசு) வருஷத்துக்கு 120 பவுண்டுக்கு மேல மிச்சம், மேல சொன்ன டைட் கணக்குல அது பெரிய காசு. சமைக்க மட்டும் கேஸ் அடுப்பு வச்சுக்கறதுக்கு கிராண்ட்ல தடையில்ல, ஆனா எடுத்துடலாம்னு நான் இண்டக்‌ஷன் அடுப்பு ஒண்ணு வாங்கி வந்து வச்சேன். ஞாயித்துக்கிழமை காலைல பொண்டாட்டி இரும்பு தோசைக்கல்ல அதுல போட்டு ஒரு தோசை வார்த்தா, நடுவுல வட்டமா கருகி சுத்தியும் வெள்ளையா வந்துச்சு. தட்டுல போட்டு என் முன்னாடி வச்சுட்டு ஒண்ணுமே பேசாம திரும்ப கேஸ் அடுப்ப பத்த வச்சா. ஜனவரி மாச கேஸ் பில் வந்திருக்கு, எரிச்சதுக்கு 2 பவுண்ட் சொச்சம், ஸ்டாண்டிங் சார்ஜ் கிட்டத்தட்ட 11 பவுண்ட். கட்டிட்டேன்.